கோட்டுக்கு முதுகு காட்டி நிண்டவர்

முடிவுக் கோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்ட ஒரேயொரு மனுசனைத்தான் நான் என்ர சீவியத்தில கண்டிருக்கிறன்.

சைக்கிள் ஓட்டம் எண்டால் எல்லாரும் கோட்டைத்தான் பாப்பினம். சனம் கம்பி வேலியில தொங்கிக்கொண்டு பாக்கும். பொலிஸ்காரனும் கடமையை மறந்து பாப்பான். ஓடி முடிச்சு வாற பெடியளைத் தாங்கிப் பிடிக்க ஒவ்வொரு ரீமிலயும் ஒரு ஆள், கோட்டுக்கு அங்கால தண்ணிப் போத்தலும் துவாயுமா நிப்பார். பத்திருபது பேர் அப்பிடி நிப்பினம், எல்லாற்ற கண்ணும் றோட்டில. எங்கட ஆள் மட்டும் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு, பஸ்சுக்கு நிக்கிற மாதிரி நிப்பார். பின்னால சனம் கத்தும், வேலித் தகரத்தில கையால அடிப்பினம், சில்லுகள் இரையும். மனுசன் திரும்பார். கொஞ்சத்தால ஒரு கை வந்து அவற்ற தோளில விழும். அந்தக் கையின்ர பாரத்தை வைச்சே "ம்ம்… ஏழோ எட்டோ" எண்டுவார். பேந்து முடிவுப் பலகையில பாத்தால் இடம் அப்பிடித்தான் இருக்கும்.

நான் அவரை அண்ணை எண்டு கூப்பிட்டன். அதைக் கேட்டுக் கேட்டு ரீமில இருந்த பெல்ஜியக்காரன், ஸ்பானியாக்காரன், ஒல்லாந்துக்காரன் எல்லாரும் அதுதான் அவற்ற பேராக்கும் எண்டு நினைச்சிட்டாங்கள். எங்கட மனேச்சர் ஒரு வெள்ளைக்காரன், நல்ல மனுசன். ஒருக்கா ஒரு ஓட்டத்துக்கு அனுப்பின பட்டியலிலயும் அண்ணை எண்டே அடிச்சு அனுப்பிப்போட்டார். கழுத்தில கொழுவுற அட்டையும் அந்தப் பேரிலயே வந்து சேந்தது. நான் தலையில அடிச்சுக்கொண்டு போனை எடுத்தன், மாத்தச் சொல்ல.

"விடுங்கோ தங்கச்சி" எண்டார். "எனக்கு மன்னாரில தம்பி ஒருத்தனும் இல்லை. இஞ்ச இருபத்தைஞ்சு பேர்."

அந்த அட்டையை வருசம் முழுக்கக் கொழுவிக்கொண்டு திரிஞ்சார்.

ரீமைப் பற்றியும் சொல்லிப்போடுறன், இல்லாட்டி உங்களுக்கு ஒண்டும் விளங்காது. அது பந்தயம் கட்டுவிக்கிற ஒரு பெற்றிங் கொம்பனியின்ர காசில ஓடின ரீம். கொம்பனியின்ர பேரை நான் எழுதமாட்டன். அவங்களுக்குச் சும்மா விளம்பரம் குடுக்க எனக்கென்ன விசரோ? மாம்பழ மஞ்சளில ஜேர்சி, நெஞ்சில அந்தப் பேர், முதுகில அந்தப் பேர், காற்சட்டையின்ர பின்பக்கத்திலயும் அந்தப் பேர். சூதாட்ட விளம்பரம் கூடாதெண்டு சட்டம் இருக்கிற நாடுகளுக்கு ஓடப் போனால் மட்டும், பேர் இல்லாத வெறும் மஞ்சள் ஜேர்சி. அந்தப் பெட்டியை அடுக்கேக்க அண்ணை மெல்லமா மாதா பாட்டு ஒண்டு முணுமுணுப்பார். ஏனெண்டு அப்ப எனக்கு விளங்கேல்லை.

சைக்கிள் உலகத்தில மேல் வகுப்பு எண்டு ஒண்டு இருக்கு. அங்க கதிரை கொஞ்சம்தான். அதில இருக்கிற ரீமுக்குப் பெரிய ஓட்டங்கள் எல்லாத்திலயும் உரிமையோட இடம் கிடைக்கும். எங்களைப் போல இரண்டாம் வகுப்பு ரீம், கலியாணக் காட் வருமோ எண்டு தபால்காரனைப் பாத்துக்கொண்டிருக்கிற தூரத்துச் சொந்தம் மாதிரி. கூப்பிட்டால் போகலாம். கூப்பிடாட்டி வீட்டில இருந்து ரிவி பாக்கலாம். மேல ஏறோணுமெண்டால் வருசக்கணக்கா ஓடி ஓடிப் புள்ளி சேக்கோணும். நாங்களும் சேத்தம். கடைசியில கொம்பனிக்காரர் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டினம். இந்த முறை மேல ஏறினால் காசு தொடரும், ஏறாட்டி வருச முடிவோட கடையைச் சாத்தலாமாம்.

நான் கந்தோர் வேலை. விசா, ஹோட்டல், ரிக்கெற், எல்லாம் என்ர தலையில. லண்டனில குட்மேய்ஸ் ஸ்ரேசனில இருந்து நடக்கிற தூரத்தில எங்கட இடம். கீழ வான்களும் சைக்கிள்களும், மேல என்ர மேசையும் மெயின் றோட்டைப் பாத்த ஒரு யன்னலும். பின்னேரத்தில எல்லாரும் போனாப் பிறகு கீழ இறங்கினால், சைக்கிள் எல்லாம் கொழுக்கியில தலைகீழாத் தொங்கும். கதவுக்குள்ளால காத்து வந்தால் ஏதாவது ஒரு சில்லு தானா மெல்லச் சுத்தும், டிக் டிக் டிக் எண்டு. பேந்து பக்கத்துச் சில்லு. அதைக் கேட்டுக்கொண்டு நிண்டால் வீட்டுக்குப் போற நினைப்பே வராது. கனநாள் அங்க அண்ணையும் ஒரு வாளியைக் கவிட்டு அதில இருந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

அவற்ற வேலைக்குப் பிரெஞ்சில ஒரு பேர் இருக்கு, என்ர வாய்க்குள்ள அது நுழையாது. பெடியளுக்குக் கால் பிடிச்சு விடுறது, போத்தல் நிரப்புறது, றோட்டோரம் நிண்டு சாப்பாட்டுப் பை குடுக்கிறது, முடிவில தாங்குறது. முந்தி ஆசுப்பத்திரியில நோயாளியளைத் தள்ளிக்கொண்டு திரிஞ்சவர் எண்டபடியால் களைச்ச உடம்பைத் தூக்கிற விதம் தெரியும். சோத்துக்கட்டியும் அவர்தான் செய்வார். குழைய அவிச்ச சோத்துக்குச் சீனியும் தேங்காய்ப்பாலும் விட்டு, தட்டில அமத்தி, சதுரமா வெட்டி, வெள்ளிப் பேப்பரில சுத்துவார். பெடியள் ஓடிக்கொண்டே சாப்பிடுவாங்கள். ஏலக்காயும் போடுவார், அந்த வாசத்துக்கு மற்ற ரீம் பெடியளும் கை நீட்டினதாக் கேள்வி.

ஆனா முடிவு எண்ட ஒண்டு வந்தால் ஆளைக் காணேலாது. கந்தோர் ரிவியில ஓட்டம் போகும். கடைசிப் பத்துக் கிலோமீற்றர் எண்டு எழுத்து வந்தவுடன எழும்புவார். "போத்தல் கழுவக் கிடக்கு." கழுவின போத்தலைத்தான் திருப்பிக் கழுவுவார். நாங்கள் மேல கத்தினால் தண்ணியை இன்னும் கூட்டித் திறந்துவிடுவார்.

ஒருக்கா என்ர மனுசனும் மகளும் நானும் இல்ஃபோர்டுக்குத் தமிழ்ப் படம் பாக்கப் போகேக்க அவரையும் கூட்டிக்கொண்டு போனம். பெடியனும் பெட்டையும் வீட்டுக்குத் தெரியாமல் ரயில் ஏறுற கட்டம் வந்துது. அண்ணை எழும்பிப் போட்டார். நாங்கள் படம் முடிஞ்சு வெளிய வர, குளிருக்குள்ள கையைத் தேய்ச்சுக்கொண்டு நிக்கிறார். மகள் பாவப்பட்டு, "அங்கிள், என்ன நடந்ததெண்டால்…" எண்டு துவங்கினாள். மனுசன் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"வேண்டாம் பிள்ளை. அதுகள் ரெண்டும் இப்பவும் ரயிலில போய்க்கொண்டிருக்கட்டும்."

மகளின்ர சோதனை முடிவு வந்த அண்டைக்கும் விடிய வெள்ளனத் தானே செய்த கேக் ஒண்டோட வந்தார். அவள் இன்னும் மெயிலைத் திறக்கேல்லை. கேக்கை மேசையில வைச்சிட்டு, "நான் வாறன்" எண்டு படியிறங்கிப் போட்டார். திறந்து பாத்தால் கேக்கில வாழ்த்துமில்லை, எழுத்துமில்லை. பாஸ் எண்டாலும் பெயில் எண்டாலும் வெட்டலாம். அண்டைக்கு எனக்குச் சரியான கோவம். உதென்ன கண்டறியாத பழக்கம், ஒரு பிள்ளையின்ர சந்தோசத்தைப் பாக்க நிக்கேலாதோ?

இன்னொண்டையும் யன்னலால கண்டுவைச்சிருந்தன். எங்கட மெயின் றோட்டில, எங்கட மஞ்சளிலயே பலகை போட்ட பெற்றிங் கடை ஒண்டு இருந்தது. கொம்பனியின்ர சொந்தக் கடை. அண்ணை வேலை முடிஞ்சு ஸ்ரேசனுக்கு நடந்து போகேக்க, அந்தக் கடைக்கு நாலு கடை முன்னால நிண்டு, றோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போவார். கடையைத் தாண்டினாப் பிறகு திருப்பிக் கடந்து இஞ்சால வருவார். மழையெண்டாலும் அப்பிடி, கையில ரெண்டு பை எண்டாலும் அப்பிடி.

மாரி காலத்து ஒரு காலமை. பெடியள் எசெக்ஸ் பக்கம் பயிற்சிக்குப் போனாங்கள், அண்ணை பின்னால வான் ஓட்டினார். சாப்பாட்டுப் பை கட்ட ஆள் இல்லையெண்டு நானும் ஏறினன். வெளிய பால் மாதிரிப் புகார். முன்னால போற பெடியளின்ர ஆள் தெரியாது, சைக்கிள் தெரியாது. மஞ்சள் மட்டும் கொஞ்சம் தெரியும், மறையும், திருப்பித் தெரியும். வேலி மரமெல்லாம் எங்களைத் தேடி வாற மாதிரி வந்து போகுது. வானுக்குப் பின்னால வெறும் போத்தல்கள் உருண்டு உருண்டு மெல்லச் சத்தம் போடுது. அந்த மயக்கத்திலதான் எனக்குக் கேக்கத் துணிவு வந்தது.

"ஏனண்ணை முடிவைப் பாக்கிறேல்லை? கண்ணூறு பட்டிடும் எண்டோ?"

வானை இன்னும் மெதுவாக்கினார்.

"வெம்பிளியில எனக்கொரு வீடு இருக்குத் தங்கச்சி" எண்டார். "மனுசியும் இருக்கிறா. நான்தான் அங்க இல்லை."

"தெரியும் அண்ணை. ஏனெண்டுதான் நான் இவ்வளவு நாளும் கேக்கேல்லை."

"பெற் கட்டினன். குதிரை, நாய், பந்து. மழை வருமோ வராதோ எண்டதுக்கும் கட்டினன்."

"காசு ஆசையோ?"

"சீ. காசு ஆருக்கு வேணும்? அந்தக் கடைசி நிமிசம்தான். அதுக்குள்ள வெண்டவனும் இல்லை, தோத்தவனும் இல்லை. எவ்வளவு வடிவா இருக்கும் தெரியுமோ? பேந்து முடிஞ்சிடும். முடிஞ்சவுடன அடுத்தது வேணும்." கண்ணாடியில பிடிச்ச புகாரைக் கையால துடைச்சார். "முடிவைப் பாக்கிறவன்தான் தங்கச்சி திருப்பிக் கட்டுவான். நான் பாக்கிறேல்லை. அவ்வளவுதான்."

எனக்கு வாய் சும்மா இருக்குமோ? "அப்ப உலகத்தில வேற வேலை இல்லையெண்டோ இஞ்ச வந்தனீங்கள்? பனைக்குக் கீழ இருந்து பால் குடிச்சாலும் கள்ளெண்டுதான் சனம் சொல்லும்."

சிரிச்சார். "பெற்றோல் ஸ்ரேசனில வேலை செய்தன், ஆசுப்பத்திரியில செய்தன். ஒருத்தரும் என்னட்டைப் பெற் கட்டாதை எண்டு எழுதி வாங்கேல்லை. இஞ்சதானே வாங்கினவை. நீங்கள்தானே வாசிச்சுச் சொன்னனீங்கள்."

நான் கட்டிக்கொண்டிருந்த பையைக் கீழ வைச்சன்.

அந்தப் பேப்பர். அவர் வேலைக்கு வந்த முதல் நாள். ரீமில சேருற ஆரெண்டாலும் கையெழுத்து வைக்கிற பேப்பர் ஒண்டு இருக்கு. நான் நீட்டினன். "கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன், என்ன எழுதிக் கிடக்கு தங்கச்சி?" எண்டு கேட்டார். எங்கட ஆக்கள் கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன் எண்டால் இங்கிலீஸ் வாசிக்க வராது எண்டுதான் கருத்து. கவுன்சில் கடிதம், டொக்டற்ற கடிதம், எல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிச்சுச் சொல்லித்தானே எங்கட சனம் இந்த நாட்டில பிழைச்சது. அண்டைக்கு எனக்கு ஆயிரம் வேலை. மேலோட்டமா ஒரு பார்வை பாத்திட்டு, "நீங்கள் பெற் கட்டக்கூடாதாம்" எண்டன்.

"எதிலயுமோ?"

"எதிலயும்தான்."

"எதிலயுமோ?" திருப்பியும் கேட்டார்.

"ஓம் அண்ணை, எதிலயும். வையுங்கோ கையெழுத்தை."

சேச்சில கலியாணப் பதிவில வைக்கிற மாதிரி, நிமிந்து இருந்து, மெல்ல மெல்லக் கையெழுத்து வைச்சார். ஒரு பிரதி தாங்கோ எண்டு கேட்டு வாங்கி, நாலா மடிச்சுப் பேர்சுக்குள்ள வைச்சுக்கொண்டு போனார்.

பின்னேரம் கோப்பில போடேக்கதான் நான் வடிவா வாசிச்சன். சைக்கிள் ஓட்டத்தில பெற் கட்டக்கூடாது. அவ்வளவுதான். குதிரையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, நாயைப் பற்றி இல்லை, பந்தைப் பற்றி இல்லை. நாளைக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சன். அடுத்த நாள் ஆர் எண்டு தெரியாத ஒரு பொம்பிளை போன் எடுத்தா.

"பிள்ளை, நான் அவற்ற மனுசி. ஒரு பேப்பரைக் கொண்டுவந்து கதவுக்குள்ளால காட்டிப்போட்டுப் போறார். நான் உள்ளுக்க விடேல்லை. ஒரு பெற்றும் இனிக் கட்டேலாது, சட்டமாம் எண்டுறார். மெய்யே?"

அந்தக் குரலில இருந்த களைப்பை நான் என்னெண்டு சொல்ல. சொல்லியிருக்கலாம். நான் பிழையா வாசிச்சிட்டன் அக்கா எண்டு ஒரு வசனம். என்ர வாயில வந்தது, "ஓம் அக்கா, மெய்தான்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லுங்கோ" எண்டிட்டு வைச்சிட்டா.

அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு அவர் வெம்பிளிக்குப் போவார். திங்கக்கிழமை எனக்குப் பெட்டியில நண்டுக்கறி வரும், இல்லாட்டி மீன்பொரியல். வெயில் காலம் வர, ஞாயிறோட சனியும் சேந்தது. ஒருநாள் போத்தல் கழுவிக்கொண்டு, தண்ணிச் சத்தத்துக்குள்ளால சொன்னார்: "ரீம் மேல ஏறி, வேலையும் நிலைச்சால் நத்தார்ப் பண்டிகையோட வீட்டுக்கே வரட்டாம்." சொல்லிப்போட்டு அந்தப் போத்தலை மூண்டு தரம் கழுவினார்.

எங்கட ரீமுக்கு மேல் வகுப்பு லைசென்ஸ் கிடைக்கோணுமெண்டு மனேச்சர் ஏங்கினார், கொம்பனிக்காரர் ஏங்கினார், ஓடுற பெடியள் ஏங்கினாங்கள். அவையள் ஏங்கினது சைக்கிளுக்கு. எனக்கு ஒரு மனுசன் நத்தாருக்கு வீட்டுக் கதவுக்குள்ளால போறதுதான் வேணும். நான் பிழையா வாசிச்ச ஒரு வரியிலதான் அந்தச் சீவியம் நிக்குது எண்டு எனக்கு மட்டும் தெரியும். ரீம் குலைஞ்சால் பேப்பரும் போச்சு. ஆர்ச்வே கோயில் முருகனிட்டைப் போய், மேல ஏத்திவிடப்பா, ஒரு அபிசேகம் செய்யிறன் எண்டு நேந்துபோட்டு வந்தன். ரயிலில வரேக்கதான் யோசிச்சன், இதுவும் ஒரு பெற் கட்டுறதுதானே எண்டு. சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

கடைசி ஓட்டம் லண்டனிலயே முடிஞ்சது. புள்ளிக் கணக்குக்குள்ள வாற கடைசி ஓட்டம். எங்களுக்கு வேண்டினது ஒரேயொரு மூண்டாம் இடம். முதலாவது வேண்டாம், ரெண்டாவதும் வேண்டாம். எங்கட வேகக்காரன் ஒரு நெட்டை ஒல்லாந்துக்காரன், அவன் மூண்டுக்குள்ள வந்தால் மேல் வகுப்பு.

தேம்ஸ் கரையில ஒரு அகலமான றோட். இலை உதிர்ற காலம், மெல்லிய வெயில். ஆத்துக்கு மேல வெளிச்சம் ஆடிக்கொண்டு கிடந்தது. லண்டன் எண்டபடியால் நானும் போயிருந்தன். கோட்டுக்கு அங்கால அண்ணைக்குப் பக்கத்தில நிண்டன். நான் றோட்டைப் பாத்து, அவர் மற்றப் பக்கம் பாத்து. ஒரு மணித்தியாலம் அப்பிடி. மேல ஒரு ஹெலிகொப்டர் வந்து நிண்டுது. அதுக்குக் கீழதான் வருவினம்.

"வருகினம் அண்ணை."

"சொல்லாதேங்கோ."

முதல்ல சத்தம்தான் வந்தது. சனம் தகரத்தில தட்டுற தட்டு தூரத்தில துவங்கி, மழை கிட்டக் கிட்ட வாற மாதிரி வந்தது. பேந்து சில்லுகளின்ர இரைச்சல். ஒரு வளைவுக்குள்ளால நிறம் நிறமா ஒரு கூட்டம். எல்லாரும் ஒரே உடம்பு மாதிரி. அதுக்குள்ள எங்கட மஞ்சள் எங்க, எங்க எண்டு தேடுறன். கண்டன். கண்டவுடன என்ன செய்தன் தெரியுமோ? றோட்டை விட்டிட்டு அண்ணையின்ர முகத்தைப் பாத்தன். கண் மூடிக் கிடந்தது. சொண்டு அசைஞ்சுகொண்டிருந்தது. அந்த மூண்டு விநாடியும் நீண்டு நீண்டு போச்சு. கத்தின சனம் ஒண்டும் எனக்குக் கேக்கேல்லை. காத்தில ஒரு காஞ்ச இலை வந்து அவற்ற தொப்பியில குந்தினதைப் பாத்தன். வெண்டவனும் இல்லை, தோத்தவனும் இல்லை எண்டு அவர் சொன்னது அப்பதான் எனக்கு விளங்கிச்சுது.

ஒல்லாந்துக்காரன் வந்தான். கை வந்து தோளில விழுந்தது. பேந்து மற்றக் கை, பேந்து தலை. முழு ஆளும் அவரில சாஞ்சிட்டான்.

"நாலு" எண்டார் அண்ணை.

பலகையில வர இன்னும் ரெண்டு நிமிசம் எடுத்தது. போட்டோவைப் பெருப்பிச்சுப் பாத்துத்தான் போட்டவை. சில்லின்ர அகலத்தில நாலு.

"என்னெண்டு தெரியும்?" நான் அழுதுகொண்டு கேட்டன்.

"மூண்டெண்டால் பிடிச்சிருப்பான். இவன் விழுந்தவன்."

சொல்லிக்கொண்டே அவன்ர முகத்தைத் துடைச்சார், போத்தலைத் திறந்து குடுத்தார், ஜக்கெற்றைப் போட்டுவிட்டார். "நல்லா ஓடினாய் தம்பி" எண்டு தமிழிலயே சொன்னார். அந்த நெட்டை தலையை ஆட்டினது. மனேச்சர் நடைபாதை விளிம்பில குந்தியிருந்து போனையே பாத்துக்கொண்டிருந்தார். அண்ணை அவருக்கும் ஒரு சோத்துக்கட்டியைக் கொண்டுபோய்க் கையில வைச்சார்.

பிறகென்ன. கடிதம் வந்தது, கொம்பனி கை விட்டது. பெடியள் ஒவ்வொருத்தரா வேற ரீம் தேடிப் போனாங்கள். ஒரு கிழமையா அண்ணை வான்களில இருந்த பேரைத் தலைமயிர் காய வைக்கிற மெசினால சூடாக்கிச் சூடாக்கி உரிச்சார். எல்லா வானிலயும் கடைசி எழுத்தை மட்டும் உரிக்காமல் விட்டிட்டார். மற்ற ஆக்கள் சிரிச்சினம். நான் பேந்து போய் நகத்தால உரிச்சு விட்டன், ஒவ்வொண்டா.

கடைசி நாள் பின்னேரம் மேல வந்தார். கொழுக்கியள் எல்லாம் வெறும் கொழுக்கியளாத் தொங்கிச்சுது. என்ர மேசைக்கு முன்னால நிண்டு பேர்சைத் திறந்து, அந்தப் பேப்பரை எடுத்து மேசையில விரிச்சார். மடிச்ச இடமெல்லாம் நைஞ்சு கிடந்தது.

"தங்கச்சி, கொம்பனி போச்சு. இது இனிச் செல்லுமோ?"

நான் நிமிந்து பாத்தன். உண்மையைச் சொல்ல இதுதான் கடைசித் தருணம் எண்டு தெரியும். நாக்கு நுனியில நிக்குது. அண்ணை, இது ஒருநாளும் செல்லேல்லை, நான்தான் பிழையா வாசிச்சன், நீங்கள் இவ்வளவு காலமும் உங்கட பலத்திலதான் நிண்டனீங்கள். அப்பிடிச் சொல்லியிருக்கோணும். இப்ப நல்லாத் தெரியுது. ஆனா அப்ப அந்த முகத்தைப் பாத்தால், பிடிச்சுக்கொண்டு நிக்கிற கயித்தை அறுக்கிற மாதிரி இருந்தது.

"செல்லும் அண்ணை" எண்டன். "இதில உங்கட கையெழுத்துத்தானே கிடக்கு. கொம்பனியின்ர இல்லையே."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. நான் கண்ணாடி கொண்டரேல்லை."

அப்பதான் கண்டன். அவற்ற சேட்டுப் பையுக்குள்ளால கண்ணாடி எட்டிப் பாத்துக்கொண்டிருந்தது. அவரும் நான் கண்டதைக் கண்டார்.

"பாத்திட்டன். செல்லும்" எண்டன்.

"எதிலயுமோ?"

"எதிலயும்."

"அப்ப சரி." பேப்பரை மடிச்சு வைச்சார். "மகளைக் கேட்டதாச் சொல்லுங்கோ. வாறன்."

கீழ கதவு சாத்தின சத்தம் கேட்டது. நான் எழும்பி யன்னலுக்குப் போனன். மழை விட்டு றோட் மினுங்கிக்கொண்டு கிடந்தது. கடைகளின்ர வெளிச்சமெல்லாம் கீழயும் ஒருக்கா எரிஞ்சுது. அண்ணை மஞ்சள் ஜக்கெற்றோட மெல்ல நடக்கிறார், அவசரமில்லை. பெற்றிங் கடைக்கு நாலு கடை முன்னால, வழமையாக் கடக்கிற இடத்தில வந்து நிண்டார். கடக்கேல்லை. பேர்சை எடுத்தார். அந்தப் பேப்பரை எடுத்தார். பேந்து சேட்டுப் பையுக்குள்ள கையை விட்டுக் கண்ணாடியை எடுத்து, ஜக்கெற் நுனியில துடைச்சு, போட்டுக்கொண்டார். பேப்பரை விரிச்சார்.

நான் யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நிண்டன்.

எவ்வளவு நேரம் நிண்டனோ தெரியாது. என்ர தோளில ஒரு கையும் வந்து விழேல்லை. திரும்பிப் பாக்கேக்க றோட்டில வேற சனம்.

அக்காவின்ர நம்பர் இப்பவும் என்ர போனில கிடக்கு. நத்தாருக்கு நத்தார் எடுத்துப் பாப்பன். "ஒருக்கா அடிச்சுக் கேளன் அம்மா, தெரிஞ்சு போகுமெல்லோ" எண்டு மகள் ஏசுவாள்.

வேண்டாம் பிள்ளை. மனுசன் இப்பவும் அந்த றோட்டைக் கடந்துகொண்டிருக்கட்டும்.